முப்பது வீட்டுக்கு ஒரு சாலையா? மலைக்கிராம அடிப்படை வசதிகள் குறித்த விவாதம்

கணக்கர்:
வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, சாலை வசதி இல்லாததால் தாய் சுமந்துகொண்டு நடந்த செய்தி என்னையும் உலுக்கியது. ஆயினும், முப்பது வீடுகளுக்காக மலையைக் குடைந்து சாலை போட்டு, ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதைச் சீரமைப்பதைவிட, விரும்பும் குடும்பங்களுக்கு அடிவாரத்தில் வீடும் நிலமும் தருவதே நடைமுறைக்கு ஏற்றது என்று கருதுகிறேன். பள்ளி, மருத்துவமனை, ரேஷன் கடை மூன்றும் அங்கே தயாராக இருக்கின்றன.

மலையடிவாரத்தான்:
ஐயா, கீழே இறங்கினால் வசதி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் மாவட்டங்களில் இருளர் பழங்குடியினர் சமவெளியில்தான் வாழ்கிறார்கள். பேருந்து ஓடும் சாலை கூப்பிடு தூரத்தில் இருந்தும், ஏரிக்கரைப் புறம்போக்கில் பட்டா இல்லாமல் குடியிருப்பதால் மின் இணைப்புக்குக்கூட அலைகிறார்கள். கோட்டாட்சியர் தர வேண்டிய சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் பிள்ளைகளின் மேற்படிப்பு தடைப்படுகிறது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி பழங்குடியினர் 7,94,697 பேர், அதாவது மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு, வாக்கு எண்ணிக்கையில் தேர்தல் முடிவை மாற்ற முடியாதவர்களின் மனு எந்த மேசையில் தேங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மலையில் சாலை போட வனச்சட்டம் தடை என்பார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவோ பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்க வழி செய்திருக்கிறது.

கணக்கர்:
இருளர் நிலை பற்றிய உங்கள் வாதம் வலுவானது; ஏற்கிறேன். ஆனால் கட்டடம் கட்டினால் போதுமா? மேலே தங்கிப் பணிபுரிய மருத்துவரும் ஆசிரியரும் வருவதில்லையே.

கிராமச் செவிலி:
குறுக்கிடுவதற்கு இருவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. தாளில் இது சலுகை போலத் தெரியும். ஆனால் சமவெளியில் அந்த 5,000 பேர் நாலைந்து தெருக்களில் இருக்கக்கூடும். என் பொறுப்பில் உள்ள மக்களோ மூன்று மலைகளில் சிதறிக் கிடக்கிறார்கள். விதி தலைகளை எண்ணுகிறது, நடக்கும் நேரத்தை எண்ணுவதில்லை.

பேறுகாலக் காத்திருப்பு அறை என்ற நல்ல ஏற்பாடு இருக்கிறது. பிரசவத் தேதிக்கு முன்பே வந்து தங்கலாம். சென்ற ஆண்டு நான் வற்புறுத்தி அழைத்து வந்த ஒரு பெண் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டார். வீட்டில் நான்கு வயது மகன், கணவருக்கு ஒருநாள் கூலி போனாலும் அடுப்பு எரியாது. பிறகு அவரை டோலியில்தான் தூக்கி வந்தார்கள். தாயும் சேயும் பிழைத்தார்கள் என்றாலும், கம்பில் கட்டிய போர்வை நனைந்திருந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

மலையடிவாரத்தான்:
அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் 1993இல் ஒரு மருத்துவத் தம்பதியர் குடிசையில் தொடங்கிய பணி, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே சுகாதாரப் பயிற்சி அளித்ததால்தான் வேரூன்றி மருத்துவமனையாக வளர்ந்தது. வெளியிலிருந்து ஆள் வரவில்லை என்று காத்திருப்பதைவிட, அந்த மண்ணின் பெண்களை முறையான ஊதியத்தோடு பணியமர்த்துவதை அரசு ஏன் தயங்குகிறது?

கணக்கர்:
நடக்கும் நேரத்தை வைத்தே பணியிடங்களை வகுக்க வேண்டும் என்பதில் இனி எனக்கு மாற்றுக் கருத்தில்லை. தாமாக இறங்கி வர விரும்பும் குடும்பங்களுக்குப் பட்டாவோடு இடம் தரப்பட வேண்டும் என்பதை மட்டும் நான் கைவிடவில்லை.

கிராமச் செவிலி:
பட்டாவை முதலில் கையில் கொடுக்கட்டும் ஐயா, பிறகு கேட்கட்டும். என் பதிவேட்டில் தூரத்துக்குக் கிலோமீட்டர் என்ற ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதன் அருகே ஒவ்வொரு ஊருக்கும் நடக்க ஆகும் மணிநேரத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.