பைபாஸ் வால்வு: புறவழியா, கலிங்கா?

ஐயாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் கையேட்டில் வரும் பைபாஸ் வால்வுக்கு, அதாவது வீட்டைச் சூடாக்கும் பாய்லர் குழாய்களில் அழுத்தம் ஏறினால் தண்ணீரைத் திருப்பிவிடும் வால்வுக்கு, ‘புறவழி ஓரதர்’ என்று ஐயா முன்மொழிந்ததைப் படித்தேன். என் மாற்றுச் சொல் கலிங்கு, அதாவது ஏரி நிரம்பினால் மிச்ச நீர் வழிந்து போகும் கட்டு. அதைப் பற்றி நண்பர்கள் எழுப்பிய கேள்விகளுக்கும் சேர்த்து, இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஓரதரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதர் என்றால் வழி; ஓரதர் ஒரு பக்கம் மட்டுமே விடும். போர்செட் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட் வால்வுக்கு அது கச்சிதம், எல்லா வால்வுக்கும் பொருந்தாது. பள்ளிப் பாடநூலே இதயத்தில் ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு என்று எழுதும்போது நாமும் வால்வு என்றே வைத்துக்கொள்ளலாம். என் வழக்கு முன்பாதியோடுதான்.

புறவழி என்றால் எங்களுக்குத் தஞ்சாவூர் புறவழிச்சாலைதான் நினைவுக்கு வரும். அது இரவும் பகலும் திறந்து கிடக்கும். ஊருக்குள் போவதா, சுற்றிப் போவதா என்பது வண்டி ஓட்டுபவர் பாடு. இந்த வால்வு அப்படிப்பட்டதில்லை. சும்மா இருக்கும்போது மூடியே இருக்கும். அழுத்தம் ஏறினால் யாரும் தொடாமல் தானே திறக்கும். புறவழி என்ற சொல்லில் அந்தச் செய்தியே இல்லை.

நான் பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது பாசன மதகுகளின் ஷட்டர்களை ஏற்றி இறக்கும் ஊழியராக, இருந்து ஓய்வு பெற்றவன். பிளம்பர் இல்லை. இந்த வால்வு எனக்கு அறிமுகமானதே இங்கிலாந்தில் இருக்கும் என் அக்கா மகன் புண்ணியத்தில். அங்கே குளிர்காலத்தில் பாய்லர் சுட வைத்த தண்ணீரைப் பம்பு வீடு முழுக்கத் தள்ளுகிறது. அறைக்கு அறை சுவரில் ரேடியேட்டர். தண்ணீர் அதில் சூட்டை விட்டுவிட்டு வேறொரு குழாய் வழியாகப் பாய்லருக்கே திரும்புகிறது. பாய்ச்சல், வடிகால் என்று நாம் சொல்வதுபோல ஒரு போக்குக் குழாய், ஒரு வரத்துக் குழாய். மாடிக்கு ஒன்று, கீழ்த்தளத்துக்கு ஒன்று என்று மோட்டார் வால்வுகள், அதாவது சிறு மின்மோட்டாரால் திறந்து மூடும் வால்வுகள். போதுமான சூடு வந்ததும் மூடிக்கொள்ளும். ரேடியேட்டரில் இருக்கும் வால்வும் அறை சூடானால் தானே மூடும்.

எல்லாம் மூடிய பிறகு தண்ணீர் எங்கே போகும்? பாய்லருக்குள் இருக்கும் தண்ணீர் மிகக் கொஞ்சம். தீ அணைந்தாலும் உலோகத்தில் தங்கிய சூட்டை எடுத்துப்போகப் பம்பு சில நிமிடம் ஓடியாக வேண்டும். வழி அடைபட்டால் உள்ளே தண்ணீர் கொதித்துச் சத்தம் போடும், கடைசியில் பாய்லர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அதற்காகத்தான் போக்குக் குழாயையும் வரத்துக் குழாயையும் இணைக்கும் ஒரு குறுக்குக் குழாயில் இந்த வால்வு.

மருமகன் வீட்டில் வால்வு இருந்தது, ஆனாலும் பாய்லர் ராத்திரியில் உறுமிக்கொண்டே இருந்தது. வீடியோ அழைப்பில் குழாய் குழாயாகக் காட்டச் சொன்னேன். மாட்டிய பிளம்பர் அதை மாடிக்குப் போகும் கிளையில், மோட்டார் வால்வைத் தாண்டி வைத்திருந்தார். மோட்டார் வால்வு மூடினால் இதற்கும் தண்ணீர் வராது. “ஏண்டா, ஷட்டருக்குக் கீழே போய் யாராவது கலிங்கு வைப்பானா?” என்று கேட்டேன். வாய் தவறி வந்த சொல்தான். அப்புறம் யோசித்தால் அதுவே சரியாகப் பட்டது.

ஏரி நிரம்பி மட்டம் ஏறினால் கலிங்கு தானே வழியும். மதகைத் திறக்க ஆள் வேண்டும், கலிங்குக்கு வேண்டாம். இந்த வால்வின் தலையில் ஒரு திருகு இருக்கிறது, பெரும்பாலும் பார் என்ற அழுத்த அளவில் 0.1 முதல் 0.5 வரை எண் போட்டிருக்கும். ஒரு பார் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் நீர்மட்டம். 0.2-இல் வைத்தால் 2 மீட்டர் உயரத்தில் கலிங்கு கட்டியதுபோல. தாழ்த்தி வைத்தால் என்ன ஆகும் என்று ஏரிப்பாசனக்காரரைக் கேட்டால் போதும்: தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டே இருக்கும், கடைமடை ரேடியேட்டருக்குத் தண்ணீர் எட்டாது. போதாததற்குச் சூடு இறங்காத தண்ணீர் நேராகத் திரும்பும். இப்போதைய பாய்லர்கள் புகையில் உள்ள நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்பவை. திரும்பும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். இல்லாவிட்டால் எரிவாயு வீண்.

ஆற்றுப் பாசனம் செய்யும் டெல்டாக்காரன் ஏரிக்குரிய கலிங்கைப் பற்றிப் பேசலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கல்லணைக் கால்வாய் போய் நிரப்பும் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து ஏரிகளை அவர் மறந்துவிட்டார். ஆங்கிலேயப் பொறியாளர்களே இந்தச் சொல்லுக்கு மாற்று தேடாமல் ‘கலிங்குலா’ என்று தங்கள் ஏடுகளில் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுக் குழாய்க்கு நாம் அதைக் கொடுத்தால் என்ன?

கொள்ளிடம் என்றே பெயர் வைக்கலாம் என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தது விளையாட்டில்லை. மழைக்காலத்தில் வயலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்றால் காவிரியிலும் வெண்ணாற்றிலும் குறைத்துவிட்டுக் கொள்ளிடத்தில்தான் திருப்பிவிடுகிறோம். ஆறு பிரியும் தலைப்பிலேயே, வயலுக்கு விடும் ஷட்டர்களுக்கு மேலேயே பிரிகிறது. இடம் அப்படியே பொருந்துகிறது. ஆனால் அதைத் திறக்க உத்தரவு வேண்டும், ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன், தானாக எதுவும் திறக்காது.

கலிங்கில் வழிந்த தண்ணீர் அதே ஏரிக்குத் திரும்பாதே என்று குழுவில் அம்மா ஒருவர் எழுப்பிய கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நியாயமான குறைதான். லாரி மெக்கானிக் நண்பர் ஒருவர் சொன்ன எஞ்சின் பைபாஸிலும், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீருக்கான சுற்றுவழியிலும், தண்ணீர் எஞ்சினுக்கே திரும்புகிறது. அதற்காகத் ‘திருப்பு வால்வு’ என்றால், தண்ணீரை ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்கு மாற்றும் மூவழி வால்வோடு குழம்பும். ஒரு பெயர் எல்லாவற்றையும் சுமக்க முடியாது. எப்போது திறக்கும், எங்கே இருக்க வேண்டும் என்ற இரண்டையும் சொன்னால் எனக்குப் போதும்.

ஆகவே கையேட்டில் ‘கலிங்கு வால்வு’ என்று போட்டு, விளக்கம் இப்படி இருக்கலாம்: பம்புக்கு அடுத்து, முதல் மோட்டார் வால்வுக்கு முன்பு, போக்கிலிருந்து வரத்துக்கு. பாய்லரை ஒட்டி வைக்காமல் ஒன்றரை மீட்டராவது தள்ளி வைக்கும்படி பல தயாரிப்பாளர்கள் சொல்வதையும் சேர்க்க வேண்டும். சில பாய்லர்களில் கலிங்கு உள்ளேயே இருக்கும். அதற்கு வெளியே இன்னொன்று தேவையா என்பதைப் பாய்லரோடு வரும் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, நம் வரைபடத்தில் வால்வின் அம்புக்குறி வரத்திலிருந்து போக்குக்குக் காட்டுகிறது. பெயர் முடிவாவதற்கு முன் அதைத் திருத்திவிடுங்கள், யாராவது பார்த்து அப்படியே மாட்டிவிடப் போகிறார்கள்.