தரைவீட்டு அடித்தளத்தில் ஓதம், எங்கிருந்து வருது?

கேள்வி: அடித்தள அறையில் பூஞ்சை வாடை. சுவரடியில் ஒரு முழத்துக்கு உப்பு பூத்திருக்கு. சன்னலைத் திறந்தால் இன்னும் மோசம். பெயிண்ட் அடிச்சா போதுமா?

பதில் 1: பெயிண்ட் வேண்டாங்க, கொப்பளிச்சு உரிஞ்சிடும். இரண்டடி பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி 48 மணி நேரம் விடுங்க. சுவர்ப்பக்கம் நனைஞ்சா மண்ணிலிருந்து கசிவு. அறைப்பக்கம் துளி நின்னா காற்றின் ஈரம். உப்பைப் பார்த்தா கசிவுன்னுதான் தோணுது.

பதில் 2: இரண்டும் சேர்ந்தும் வரும். இங்கே வெளிக்காற்று சுமார் 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதிலுள்ள ஈரம் துளியாகிடும். ஏர்கான் அதுக்குக் கீழே குளிரவைத்த சுவர் வேர்க்கத்தானே செய்யும்? சன்னலை மூடிட்டு, கம்ப்ரசர் வகை ஈரமகற்றியை 55 சதவீதத்தில் வைங்க. குழாயை வடிகாலுக்கு விடுங்க. இல்லேன்னா மெஷினோட தண்ணித் தொட்டி நிறைஞ்சதும் அது நின்னுடும்.

பதில் 3: கசிவுன்னா விரிசலுக்கு பியூ ஊசி (பாலியூரித்தேன் பிசினை உள்ளே செலுத்தி அடைப்பது), அப்புறம் பழைய பெயிண்டைச் சுரண்டி வெறும் கான்கிரீட்மேல் சிமென்ட் வகை நீர்த்தடுப்புப் பூச்சு. சம்ப் பம்ப் (குழியில் சேரும் தண்ணியை வெளியேற்றும் பம்ப்) இருந்தா, மிதவையைத் தூக்கி அது ஓடுதான்னு பாருங்க, டிசம்பர் மழைக்கு முன்னாடியே.