எட்டுத் தறி: ஓட்டுவதா, இடத்தை விற்பதா?

வெள்ளைப்பாவு:
பல்லடம் பக்கம் எட்டு சாதா விசைத்தறி, கூலி நெசவு. 1988இல் அப்பா போட்ட குடோன், 14 சென்ட் இடம். எனக்கு 56 வயது. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், தறிப் பக்கம் வர மாட்டாள். இடத்தை ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார், தறி வேண்டாமாம். கடன் கிடையாது, மாதம் 30 ஆயிரம் கையில் நிற்கிறது. விற்கலாமா?

ஊடைக்காரன்:
விற்காதீங்க அண்ணா. கடனில்லாமல் ஓடுகிற தொழிலை யாராவது விற்பார்களா? பாவும் ஊடையும், அதாவது நீள நூலும் குறுக்கு நூலும், ஜவுளிக்காரர் தருகிறார், நூல் விலை ஏறினால் நமக்கென்ன? இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023இல் 1000 ஆக்கியிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
எட்டுத் தறிக்கு அந்த ஆயிரம் யூனிட் மூன்று வாரம் தாங்காது. நூல் விலை ஏறினால் ஜவுளிக்காரர் பாவு தருவதைக் குறைப்பார், அப்போது நிற்பது யார் தறி? கூலியும் நம் கையில் இல்லை: 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் வாரக்கணக்கில் நின்றதை மறந்துவிட்டீர்களா? பேசி ஒப்புக்கொண்ட கூலி உயர்வைக் கேட்டு வாங்கவே தறியை நிறுத்த வேண்டியிருந்தது.

வெள்ளைப்பாவு அண்ணா, ஒன்று கேட்கிறேன். தறி ஓட்டுவது யார், ஊடை நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுவது யார்?

வெள்ளைப்பாவு:
பகல் ஷிஃப்ட் நான். ராத்திரிக்கு ஒடிசாப் பையன் ஒருவன். தார் சுற்றுவது வீட்டம்மா. அவளுக்குச் சம்பளம் என்று எழுதியதில்லை.

கணக்குப்பிள்ளை:
உங்களுக்கும் எழுதியிருக்க மாட்டீர்கள். அப்படியானால் அந்த 30 ஆயிரம் லாபமே இல்லை, இரண்டு பேர் கூலி. அதுவும் குறைந்த கூலி.

ஊடைக்காரன்:
சரி, கூலி என்றே இருக்கட்டும். 56 வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? மில்லில் வாட்ச்மேன் வேலைதான் கிடைக்கும். இங்கே ஒரு கல்யாணம், காது குத்து என்றால் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகலாம். அதற்கு ஒரு விலை போட்டுக் காட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சுவிட்சை அணைத்த அன்றைக்குக் கூலியும் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

பத்திரம்:
இரண்டு பேரும் தறியையே பேசுகிறீர்கள். தறி எடைக்குத்தான் போகும். விலை கேட்பது இடத்துக்கு. அப்பா காலத்து இடம் என்பதால் 1-4-2001 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாகக் காட்டலாம். விற்ற லாபத்துக்கு வரி 12.5 சதவீதம், அல்லது வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதம், எது குறைவோ அது. ஆறு மாதத்துக்குள் அதற்கென உள்ள ஐந்து வருடக் கடன்பத்திரங்களில் போட்டால் 50 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை. வரி பெரிய தலைவலி இல்லை. பட்டா யார் பேரில்?

வெள்ளைப்பாவு:
இன்னும் அப்பா பேரில்தான். அவர் உயில் எதுவும் எழுதவில்லை. அம்மாவும் இல்லை. எனக்கு ஓர் அக்கா, அவிநாசியில்.

பத்திரம்:
அப்படியென்றால் பாதி அக்காவுக்கு. விற்றாலும் அவர் கையெழுத்து வேண்டும், விற்காவிட்டாலும் அவர் பங்கில்தான் நீங்கள் தறி ஓட்டுகிறீர்கள்.

ஊடைக்காரன்:
அக்கா இத்தனை வருடம் கேட்டாரா என்ன? கிளறாதீங்க.

வெள்ளைப்பாவு:
கேட்டதில்லைதான். ஞாயிற்றுக்கிழமை அவிநாசி போகிறேன். கல்யாணம் ஆகும்வரை இதே தறிக்குத் தார் சுற்றியது அக்காதான். அதற்கும் அப்பா சம்பளம் எழுதியதில்லை.