புதுப்பிப்பு: வார்ப்பின் மெல்லிய ஓரம் வெள்ளையாக இறுகிய சிக்கல் தீர்ந்தது

கோவையில் எங்கள் ஃபவுண்டரியில் வார்க்கும் பம்ப் உறைகளின் மெல்லிய ஓரங்கள் வெள்ளை இரும்பாக (கார்பன் கிராஃபைட்டாகப் பிரியாததால் மிகக் கடினமாகிவிடும் இரும்பு) இறுகி, கடைசலில் டூல் முனைகளை உடைப்பதாக இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

உலையில் சிலிக்கானைக் கூட்டியதில் பெரிய மாற்றமில்லை. பலித்தது, “சிலிக்கான் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள், கால்சியத்தையும் அலுமினியத்தையும் பாருங்கள்” என்று ஒரு நண்பர் சொன்னதுதான். நாங்கள் வாங்கியது பூடானிலிருந்து வரும் 70 சதவீதம் சிலிக்கான் உள்ள ஃபெரோசிலிக்கான் (இரும்பு-சிலிக்கான் கலவை); சுத்தமான, எஃகு ஆலைக்கு உகந்த சரக்கு. கிராஃபைட் கருக்கள் உருவாக, அந்தச் சுத்தம்தான் தடை! கால்சியம், பேரியம் சிறிதளவு கலந்த இனாகுலன்ட் (கிராஃபைட் கருக்கள் உருவாகத் தூண்டும் சேர்மானம்) தரத்துக்கு மாறினோம். அதையும் உலையில் போடாமல், லேடிலில் (உருகிய உலோகத்தை ஏந்தும் கலம்) உலோகம் விழும் தாரையிலேயே தூவுகிறோம். தாமதித்தால் வீரியம் குறைந்துவிடும் என்பதால் உடனே அச்சில் ஊற்றிவிடுகிறோம். இப்போது ஓரங்கள் சாம்பல் நிறமாக, சீராகக் கடைய வருகின்றன.

எதிர்பாராத ஒன்று: மழையில் நனைந்த பழைய மூட்டைகளிலிருந்து பூண்டு நாற்றம் வந்தது. ஃபெரோசிலிக்கான் ஈரம் பட்டால் ஃபாஸ்பீன் என்ற நச்சு வாயுவும், தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜனும் வெளிவரும். அந்த அறையை முழுதும் திறந்துவிட்டு, ஆட்களை வெளியேற்றினோம். மூடிய கிடங்கில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டமாக, உலர்வாக வையுங்கள்.