ரீஆக்டிவேஷன்: ‘மறுதொற்று’ வேண்டாம், ‘மீள்கிளர்வு’ என்போம்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

ரத்தப் புற்றுநோயாளிகளுக்கான கையேட்டில் ரீஆக்டிவேஷனுக்கு, அதாவது உடலுக்குள் அடங்கிக் கிடந்த பழைய கிருமி மறுபடி தலைதூக்குவதற்கு, ‘மறுதொற்று’ என்றே போட்டுவிடலாம் என்று நேற்றைய மடலில் இருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மறுதொற்று என்றால் கிருமி வெளியிலிருந்து இன்னொரு முறை வந்தது என்றாகிவிடும். இங்கே அது உள்ளேயேதான் இருக்கிறது. சின்ன வயதில் சின்னம்மை போட்டபோது நுழைந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் அடங்கிக் கிடந்து, எதிர்ப்பாற்றல் குறைந்ததும் அக்கியாகத் தலைதூக்கும்.

பென்னாகரம் பக்கம் ஒரு பெரியவர். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு போர்டிசோமிப் என்ற புற்று மருந்து ஊசி போய்க்கொண்டிருந்தது. கூடவே அக்கி வராமலிருக்க தினமும் அசைக்ளோவிர் மாத்திரை. வீட்டுக்குக் கொடுத்த தாளில் ‘மறுதொற்றைத் தடுக்க’ என்றிருந்தது. “நம்ம வீட்டுல யாருக்கும் அம்மை இல்லையே, இது எதுக்கு?” என்று மகன் மாத்திரையை நிறுத்திவிட்டார். அக்கி வந்ததும் குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டார்கள். நான் பார்த்தபோது விலா நெடுகக் கொப்புளங்கள்மேல் காவி காய்ந்து வெடித்திருந்தது. சட்டை உரசினாலே துடித்தார். அக்கி எழுதுவதை நான் பழிக்கவில்லை. மருந்து தள்ளிப்போனதைத்தான் தாங்க முடியவில்லை.

ஹெபடைடிஸ்-பி இன்னும் ஆபத்து. எப்போதோ வந்து ஆறிய காமாலையின் வைரஸ் ஈரல் செல்களில் தங்கியிருக்கும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு ரிட்டுக்சிமாப் ஊசி மருந்து கொடுத்தால் அது பெருகி உயிரையே பறிக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் இதற்கெனக் கட்டமிட்ட எச்சரிக்கையே சேர்த்தது. அதனால்தான் முதல் ஊசிக்கு முன்பே ரத்தச் சோதனை. தேவைப்பட்டால் இந்த வைரஸை அடக்கும் என்டெகாவிர் போன்ற மாத்திரை, புற்று மருந்து முடிந்தபின்னும் குறைந்தது 12 மாதமாவது தொடரும்.

ரீஆக்டிவேஷனுக்கு ‘மறுசெயலாக்கம்’ என்றால் அகராதி நெடி. யாரோ செய்விப்பது போலவும் ஒலிக்கிறது. பாலக்கோட்டு நண்பர் சொன்ன ‘மறுதாம்பு’ எனக்குப் பிடித்தது. வெட்டிய கரும்பின் கட்டையிலிருந்து மறுபடி முளைப்பது போலத்தானே இதுவும். ஆனால் உழவர் காதுக்கு அது விளைச்சல். நோயாளியிடம் சொல்ல நா எழவில்லை.

என் பரிந்துரை ‘மீள்கிளர்வு’. கிளர்தல் தானாக எழுவது. ‘கட்டி கிளம்பியிருக்கு’ என்று ஊரில் சொல்வதற்கும் பக்கத்துச் சொல். ‘மீள்கிளர்வுத் தடுப்பு’, ‘ஹெபடைடிஸ்-பி மீள்கிளர்வு’ என்று ஒட்டும் சொற்களும் இடறாமல் வருகின்றன. செவிலியர் வாயிலும் “பழைய கிருமி திரும்பக் கிளர்ந்திருக்கு” என்று எளிதாக வரும். ‘கிளர்ச்சி’ மட்டும் வேண்டாம், அது போராட்டம்.

இன்னொன்று பாக்கி. எலும்பு மஜ்ஜை மாற்றியபின் இப்படியே உடலில் அடங்கிக் கிடக்கும் சைட்டோமெகலோ வைரஸுக்கு லெட்டர்மோவிர் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுப்பது ஒரு முறை. வாராவாரம் ரத்தத்தில் வைரஸ் அளவு பார்த்து, ஏறத் தொடங்கியதும் அறிகுறி வருமுன் கான்சிக்ளோவிர் என்ற மருந்தைத் தொடங்குவது வேறு முறை. இரண்டையும் ‘தடுப்பு’ என்றால் குழப்பம். முதலாவதற்கு ‘முன்தடுப்பு’, இரண்டாவதற்கு ‘முந்துசிகிச்சை’ என்று வைக்கலாமா? கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் செவிலியராக இருப்பவர்கள் நோயாளிகளிடம் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
தர்மபுரியிலிருந்து