வீல் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

கேள்வி (அரியாங்குப்பம்):
சென்ற வாரம் கடலூர் செல்லும் வழியில் பஞ்சரானபோது, முன்பு ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் நட்டை முடுக்கும் கருவி) இறுக்கப்பட்டிருந்த நட்டுகள் என் வீல் ஸ்பேனருக்கு அசையவே இல்லை. ஏறி மிதித்த பிறகே கழன்றன. ஒரு போல்ட்டின் மரையும் தேய்ந்திருந்தது. ஸ்டெப்னியை மாட்டும்போதும் ஏறி மிதித்தே இறுக்கினேன். இது சரியா? துருப்பிடிக்காமல் இருக்க மரையில் கிரீஸ் தடவலாமா?

பதில் (மஞ்சக்குப்பம்):
ஐயா, ஏறி மிதிப்பதைக் கழற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் நின்றால், முறுக்கு விசை 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். சிறிய கார்கள் பலவற்றுக்குத் தேவைப்படுவதோ 80 முதல் 120 வரைதான். சரியான அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். அதை வெகுவாக மீறினால் போல்ட் நிரந்தரமாக நீண்டு பிடிமானத்தை இழக்கலாம்; உங்கள் மரை தேய்ந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்தப் போல்ட்டை நட்டுடன் சேர்த்து உடனே மாற்றிவிடுங்கள்.

மாட்டும்போது நட்டின் கூம்பு முனை சக்கரத்தைப் பார்த்திருக்க, முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருக வேண்டும். ஜாக்கியில் நிற்கும்போது லேசாக இறுக்கி, டயர் தரையைத் தொட்ட பிறகே முழு அளவுக்கு இறுக்க வேண்டும். நான்கு நட்டு என்றால் எதிரெதிராகவும், ஐந்து என்றால் ஒன்றுவிட்டு ஒன்றாகவும் இறுக்கினால்தான் சக்கரம் கோணாமல் உட்காரும்.

பதில் (முதலியார்பேட்டை):
கிரீஸ் வேண்டாம். கையேட்டில் உள்ள அளவு பொதுவாக உலர்ந்த மரைக்கானது; கிரீஸ் உராய்வைக் குறைப்பதால், அதே அளவுக்கு இறுக்கினாலும் போல்ட் கூடுதலாக இழுபடும். நம் கடற்காற்றில் உண்மையான தொல்லை, சக்கரம் பொருந்தும் ஹப்பின் முகத்தில் படியும் துருதான். அது ஓட்டத்தில் நொறுங்கினால், சரியாக இறுக்கிய நட்டும் தளர்ந்துவிடும். எனவே மாட்டுவதற்கு முன் அந்த முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. என்னிடம் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) இல்லை; வழியில் என்ன செய்வது?

பதில் (மஞ்சக்குப்பம்):
அரை மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ அளவுக்கு அழுத்தினால் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் வரும். இது ஊர் வந்து சேர்வதற்கான ஏற்பாடு மட்டுமே. வந்ததும் டார்க் ரெஞ்ச் உள்ள பட்டறையில் சரிபார்த்துவிடுங்கள். அதன்பின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், சக்கரம் ஆறிய நிலையில் மறுபடி ஒருமுறை பாருங்கள். உங்களுக்குக் கடலூருக்கு இரண்டு முறை போய்த் திரும்பினாலே அந்தத் தூரம் வந்துவிடும்.