ரசீது இல்லாத குத்தகைக்காரருக்கு நஷ்டஈடா?

மன்னை மிராசு: முறையில்லாமல் வெளியேற்றிய குத்தகைக்காரருக்கு, இழந்த போகத்துக்கெல்லாம் கணக்குப் போட்டு நஷ்டஈடு தரவேண்டும் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் குத்தகை நெல் கொடுத்ததற்கான ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது இல்லாதவர் குத்தகைக்காரரே இல்லை.

வெண்ணாற்றங்கரை: எழுதியது நான்தான். அப்பா 5 மா நிலத்தில் (ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல்) 22 வருஷம் பாடுபட்டார். களத்திலேயே அளந்து, மூட்டை கட்டி, நில உடைமையாளர் வாசலில் இறக்குவார். அவர்கள் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். நோட்டு அவர்கள் பீரோவில்தான் இருக்கும். ஒரு வருஷம், நாற்று ஒரு சாண் வளர்ந்து நின்றபோது டிராக்டரை விட்டு உழுதார்கள். அந்த நாற்றுக்கு ரசீது யார் கொடுப்பது?

மன்னை மிராசு: கதை வேண்டாம். ரசீது?

பழைய கிராம அலுவலர்: ஐயா, 1955 சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தில், தானோ தன் குடும்பமோ வயலில் இறங்கி உழைக்கிறார்களா என்பதுதான் கேள்வி. வெளியேற்றினால் இரண்டு மாதத்துக்குள் மனு போட்டு நிலத்தைத் திரும்பக் கேட்கலாம். 1969 சட்டப்படி தாசில்தாரிடம் குத்தகை உரிமையைப் பதியவும் வழி உண்டு.

வெண்ணாற்றங்கரை: வழி இருந்தது, எந்த வயலில் யார் பயிர் செய்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் பெயர் ஏறவில்லையே! எழுதவேண்டியவர் உங்களைப் போன்றவர்தானே? 2017 வறட்சியில் நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் அறிவித்தார்கள். கருகியது எங்கள் பயிர், பணம் போனது பட்டாக்காரர் கணக்குக்கு.

பழைய கிராம அலுவலர்: தம்பி, என்மேல் பாயாதீர்கள். வயலை நேரில் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

மன்னை மிராசு: பார்த்தீர்களா, அடங்கலிலும் இல்லை, ரசீதும் இல்லை! என் கஷ்டத்தை யார் கேட்டீர்கள்? ஆறு வருஷக் குத்தகை நெல் பாக்கி. மகள் கல்யாணத்துக்கு நிலத்தை விற்கப் போனால், ஆள் இருக்கிற நிலம் என்று பாதி விலைக்குக் கேட்கிறார்கள். நஷ்டஈடு எனக்குத்தான் தரவேண்டும்.

கீழத்தெரு: 1970-ல் ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்துக்கு உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்துக்கேற்ப மாறும் அளவு) என்று ஆனபோது யார் யார் பேரில் எழுதி வைத்தீர்கள், அதற்கு ரசீது இருக்கிறதா?

மன்னை மிராசு: என் தாத்தாவை இழுக்காதே. ஊர்க் குளத்துக்கு இடம் கொடுத்த குடும்பம் எங்களுடையது.

கீழத்தெரு: அந்தக் குளத்தில் எங்களை இறங்கவிட்டீர்களா?

மன்னை மிராசு: பேச்சை மாற்றவேண்டாம். நான்காவது தடவையாகக் கேட்கிறேன், ரசீது எங்கே?

வெண்ணாற்றங்கரை: உங்கள் வீட்டு நோட்டை எடுத்து வாருங்கள், அதில் அப்பா பெயர் இருக்கும்.